மாலை இருந்தவரை ஆட்டம் இருந்தது

தெருவில் பந்து உதைக்கும் பிள்ளைகளிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பந்துக்குச் சொந்தக்காரன் முன்னால் ஆடுவான். வேகமாக ஓடுகிறவன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வான். மிச்சம் இருப்பவனைப் பார்த்து, “நீ பேக்ல நில்லுடா” என்பார்கள். கோல் விழுந்தால் பெயர் அடித்தவனுக்கு. விழாமல் தடுத்தவனுக்குக் கிடைப்பது அடுத்த பந்து மட்டும்தான். தவறிவிட்டால் அன்று முழுக்கத் திட்டு.

தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்கவயலில் இந்த பேக் ஆட்டக்காரனுக்கு ஒரு தனி இடம் உண்டு. அவன் ஷிஃப்டுக்கு இறங்கிய சுரங்கத்திலும் அப்படி ஒரு தடுப்பு இருந்தது. பாறையைக் குடைந்து தங்கம் எடுத்த பிறகு உள்ளே வெற்றிடம் மிஞ்சும். மேலே இருக்கும் பாறையின் பாரம் அதன்மேல் இறங்கும். பாறை திடீரென வெடித்துச் சிதறும் ராக்பர்ஸ்ட் தங்கவயலின் தீராத சாபம். அதைத் தாங்க, வெட்டிய கருங்கல்லை அடுக்கிக் கட்டுச்சுவர் எழுப்பினார்கள். எத்தனை அவுன்ஸ் தங்கம் வந்தது என்று கம்பெனிக் கணக்கு சொல்லும். அந்தச் சுவர் நின்றதால் எத்தனை பேர் உயிரோடு மேலே வந்தார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. மைதானத்தில் பேக் நின்றவனின் கணக்கும் அதுவே.

அன்று: சங்கு ஊதிய ஊர்

1880-களில் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகு தங்கவயல் ஊராக வளர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து பஞ்சமும் சாதியும் துரத்திய குடும்பங்கள் வந்து இறங்கின. ஆதிதிராவிடர்களே அதிகம். 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது. 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு 3 ஆண்டுகள் முன்பே சுரங்கத்தின் இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின. மேட்டில் வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் திடல். பள்ளத்தில் தொழிலாளர் லைன்கள், தட்டி வீடுகள். ஊரை ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்தவர்கள் மேட்டை மட்டும் பார்த்தவர்கள்.

மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று நான்கு பெரிய சுரங்கங்கள். யார் எந்த மைன்ஸ் என்பதுதான் அங்கே ஒருவரின் முகவரி. கால்பந்தும் ஹாக்கியும் அந்த முகவரியோடு சேர்ந்து வளர்ந்தன. மைதானத்துக்கு நிலத்தைக் கம்பெனி ஒதுக்கியது. அதில் கருணையும் இருந்தது, கணக்கும் இருந்தது. மாலையில் பந்து உதைக்கிறவன் சாராயக் கடைக்குப் போவது குறையும், சங்கம் பேசுவது குறையும் என்று உலகெங்கும் சுரங்க முதலாளிகள் நம்பிய காலம் அது. தங்கவயலில் அந்தக் கணக்கு பாதிதான் பலித்தது. 1930-ல் கைரேகை வைக்கச் சொன்னபோது தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946-ல் 78 நாள் நின்றார்கள். தோளோடு தோள் நிற்கும் பழக்கம் அவர்களுக்குச் சுரங்கத்திலும் கிடைத்தது, மைதானத்திலும் கிடைத்தது. அதைக் கம்பெனிக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் காட்டு என்றால் நடக்குமா?

ஆட்டத்துக்கு வேண்டியவற்றில் கம்பெனி நினைத்துத் தராத ஒன்றும் கிடைத்தது. அதுதான் மாலை. சுரங்கம் மூன்று ஷிஃப்டில் ஓடியது. சங்கு ஊதும், ஆட்களைச் சுமந்து கேஜ் இறங்கும், கேஜ் ஏறும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரையும் தாண்டிக் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். காலை ஷிஃப்ட் முடித்து அந்தச் சூட்டிலிருந்து ஏறி வந்தவனுக்கு உடம்பில் தெம்பு மிச்சம் இருந்ததோ இல்லையோ, வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வீடு நடை தூரம். மைதானமும் நடை தூரம். கூட ஆடுகிறவன் அதே லைனில் அடுத்த கதவு. ஒரே சங்குக்கு எழுந்து, ஒரே கேஜில் இறங்கி, ஒரே மைதானத்தில் கூடியவர்கள் அவர்கள்.

முன்வரிசை ஆட்டக்காரனைத் தனியாகக்கூட உருவாக்கிவிடலாம். சுவரில் பந்தை அடித்தே ஒருவன் உதையைத் தேற்றிக்கொள்வான். தடுப்பு வரிசை அப்படி வராது. பக்கத்தில் நிற்பவன் எப்போது முன்னேறுவான், எப்போது பின்வாங்குவான், எந்தக் காலால் பந்தை வெளியே தள்ளுவான் என்பது கண்ணைப் பார்க்காமலே தெரிய வேண்டும். அதற்கு ஒரே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக நிற்க வேண்டும். தங்கவயலின் வாழ்க்கை அமைப்பு அதைக் கேட்காமலே கொடுத்தது.

பெயர் கிடைத்தவரும் கிடைக்காதவரும்

தங்கவயலில் பிறந்து உலக அரங்கில் ஓடியவர் கென்னத் பவல். 1940-ல் பிறந்தார். பெங்களூர் ஐடிஐ நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் மூன்றிலும் இறங்கினார். 1965-ல் அர்ஜுனா விருது பெற்றார். 2022 டிசம்பரில் பெங்களூரில் காலமானபோது நாளிதழ்கள் அவரை நினைவுகூர்ந்தன. தகுதியான மரியாதைதான். ஆனால் ஓட்டக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் உழைப்பு நொடிக்கணக்கில் எழுதப்பட்டுவிடும். காகிதம் இருக்கும்வரை அவனும் இருப்பான்.

பேக் ஆட்டக்காரனுக்கு அப்படி எந்த எண்ணும் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சிடம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். தங்கவயலிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூர் அந்த அணிக்குப் பல ஆட்களைத் தந்தது. கோல் அடித்த ராமன் அந்த மண்ணின் ஆள். தவறிப்போன இரண்டு பெனால்டிகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இந்திய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியதைப் பற்றியும் பேசுகிறார்கள். பூட்ஸ் போட்ட ஐரோப்பியக் கால்களை வெறுங்காலோடு மறித்து, கடைசி நிமிடங்கள் வரை ஆட்டத்தை 1-1 என்று பிடித்து வைத்திருந்த பின்வரிசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதில் நின்ற சைலன் மன்னாகூட அன்று தவறவிட்ட பெனால்டிக்காகத்தான் நினைவுக்கு வருகிறார்.

ஒலிம்பிக் வரை போனவர்களுக்கே இந்த நிலை என்றால், மைன்ஸ் அணியில் பத்துப் பதினைந்து ஆண்டு பேக் நின்று, நுரையீரலில் சுரங்கத் தூசி சேர்ந்ததும் ஒதுங்கியவரை யார் எழுதிவைப்பார்கள்? அவர் பெயரை அவர் லைன் மட்டும் அறியும். பேரன் காலத்தில் அதுவும் மங்கும்.

லனார்க்ஷயரில் ஒரு பேக்

சுரங்கமும் பின்வரிசையும் சேர்ந்த வாழ்க்கை எங்கே போய் முடியக்கூடும் என்று பார்க்க ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். லனார்க்ஷயர் நிலக்கரிப் பகுதியில் பர்ன்பேங்க் என்ற ஊரில் 1922-ல் பிறந்தவர் ஜாக் ஸ்டீன். பதின்வயதிலேயே சுரங்கத்தில் இறங்கினார். 1942-ல் ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சிறிய கிளப்பில் பின்வரிசையின் நடுவே நிற்கும் சென்டர் ஹாஃபாகச் சேர்ந்தார். போர்க்காலத்தில் நிலக்கரி வெட்டுவது அத்தியாவசிய வேலை. அதனால் பட்டாளத்துக்குப் போகவில்லை. வாரம் முழுக்கச் சுரங்கம், சனிக்கிழமை ஆட்டம் என்று எட்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவரை யாரும் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. தலையால் பந்தைத் திருப்புவார், இடம் விட்டு நகரமாட்டார், அவ்வளவுதான். ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு அவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை.

1950-ல் வேல்ஸில் லனெத்லி கிளப் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டது. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தார். 1951 டிசம்பரில் செல்டிக் கிளப் அவரை 1,200 பவுண்டுக்கு வாங்கியது. முதல் அணிக்காக வாங்கவில்லை. ரிசர்வ் அணியில் இளைஞர்களுக்கு வழிகாட்டட்டும் என்றுதான் வாங்கியது. மற்ற தடுப்பாட்டக்காரர்கள் காயம்பட்டு விழ, இவர் உள்ளே வந்தார், வெளியே போகவில்லை. கேப்டன் ஆனார். 1953-ல் கரோனேஷன் கோப்பை, 1954-ல் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை இரண்டும். பிறகு கணுக்கால் போனது, ஆட்டம் முடிந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் உலகத்துக்குத் தெரியும். 1965-ல் செல்டிக்கின் மேலாளராக வந்தார். 1967-ல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று, ஐரோப்பியக் கோப்பையைப் பிரிட்டனுக்கு முதன்முதலில் கொண்டுவந்தார். தொடர்ந்து 9 லீக் பட்டங்கள். 1985-ல் கார்டிஃபில், ஸ்காட்லாந்தின் ஆட்டம் முடிந்த கையோடு உயிர் பிரிந்தது. மேலாளர் ஸ்டீனுக்குச் சிலை இருக்கிறது. பேக் ஸ்டீன் அந்தச் சிலைக்குப் பின்னால் மறைந்துவிட்டார். ஆனால் மேலாளருக்குப் பாடம் சொன்னது அந்த பேக்தான். ஆட்டம் முழுவதையும் முகத்துக்கு நேராகப் பார்க்கிற இடம் அது. முன்வரிசைக்காரன் கோலை மட்டும் பார்க்கிறான்.

ஸ்டீனுக்குத் திறமை மட்டும் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை ஆட்டத்துக்குக் காசு கொடுக்கும் சிறிய கிளப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மேலே இன்னொரு படி, அதற்கு மேலே இன்னொன்று. ரிசர்வ் அணிக்கு வயதான பேக் ஒருவரைத் தேடும் அளவுக்கு ஆட்டத்தில் ஆழம் இருந்தது. தங்கவயல் ஆட்டக்காரனுக்கு இருந்த ஏணி அதைவிடக் குட்டை. மைன்ஸ் அணி, அதற்கு மேல் பெங்களூரில் ஐடிஐ, எச்ஏஎல் போன்ற பொதுத்துறை அணிகள், அதிர்ஷ்டம் இருந்தால் மாநில அணி. மைசூர் மாநிலம் 1960-களின் கடைசியில் மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியை இரண்டு முறை தொடர்ந்து வென்ற காலத்தில் அந்த ஏணி உறுதியாக இருந்தது. நல்ல ஆட்டக்காரனுக்கு நிரந்தர வேலை, பென்ஷன். பெரிய பணம் இல்லை. கால் உடைந்தாலும் சோறு உண்டு என்ற உறுதி இருந்தது. காலை முன்னே நீட்டிப் பந்தை மறிக்கிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்று: காலை ரயில், இரவு ரயில்

1956-ல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் வந்தது. ஆழம் கூடக்கூடச் செலவு கூடியது, தங்கம் குறைந்தது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊர் ஒரே நாளில் வேலை இல்லாத ஊரானது. பம்புகள் நின்றன, சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. சங்கும் நின்றது.

மைதானங்கள் எங்கேயும் போய்விடவில்லை. ஜிம்கானா மைதானம் இருக்கிறது. லைன் வீடுகளுக்கு நடுவே பந்து உதைக்க இடம் இருக்கிறது. பிள்ளைகளும் இருக்கிறார்கள். இல்லாமல் போனது மாலை. இன்றைய தங்கவயலின் ஷிஃப்டை ரயில்தான் தீர்மானிக்கிறது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று பழைய சுரங்கங்களின் பெயரையே தாங்கி நிற்கும் ஸ்டேஷன்களில் விடியுமுன் கூட்டம் ஏறுகிறது. ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். கட்டட வேலை, செக்யூரிட்டி, துணிக்கடை, ஆஸ்பத்திரி, ஆபீஸ், கால் சென்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது.

அப்பா தாத்தா காலத்தில் மனிதர்கள் பாதாளத்துக்குப் போனார்கள், ஆனால் பகல் முடியுமுன் ஊருக்குத் திரும்பினார்கள். பேரன்கள் வெளிச்சத்தில்தான் வேலை செய்கிறார்கள், ஊரைப் பகலில் பார்ப்பதில்லை. எது மேல் என்று கேட்டால் எந்தத் தாயும் ரயிலைத்தான் சொல்வாள். ராக்பர்ஸ்ட் இல்லை, தூசி நோய் இல்லை, பிணமாகக் கேஜில் ஏறி வரும் பயம் இல்லை. சுரங்கக் காலத்தை எண்ணி ஏங்குவதில் பொய் கலந்திருக்கிறது. அந்த மாலைகளுக்கு ஊர் கொடுத்த விலை பயங்கரமானது. ஆனால் விலை பெரிது என்பதால், கிடைத்தது சிறிது என்றாகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கத்தான் செய்கிறது. வாரத்துக்கு ஒருநாள் கூடும் அணியில் முதலில் கெடுவது பின்வரிசை. இந்த வாரம் வந்தவன் அடுத்த வாரம் ஓவர்டைம் போய்விடுவான். முன்னால் ஓடி ஒரு கோல் அடிக்க அவசரக் கூட்டணி போதும். நால்வர் ஒரு கோட்டில் நிற்கப் பழகுவதற்கு அது போதாது. ஓர் ஊரின் கூட்டு வாழ்க்கை தளர்ந்தால், அது அணியின் தடுப்பு வரிசையில்தான் முதலில் தெரியும்.

ஏணியின் மேல்படிகளும் மாறிவிட்டன. பொதுத்துறை அணிகளின் காலம் மங்கியது. எச்ஏஎல் அணி 2012-ல் ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கியது. 2013-ல் பெங்களூரு எஃப்சி வந்தது. நல்ல கிளப், நல்ல மேடை. இன்றைய தொழில்முறை கால்பந்தில் தடுப்பாட்டக்காரனுக்கு முன்பு இல்லாத மதிப்பும் உண்டு. பந்தைப் பறித்தது எத்தனை முறை, தலையால் வென்றது எத்தனை முறை, பாஸ் எத்தனை என்று கேமரா எண்ணுகிறது. பேக்குக்கும் எண் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த எண்ணுக்குள் நுழைய அகாதமி வேண்டும், கட்டணம் வேண்டும், சிறு வயதிலேயே பெங்களூரில் இருக்க வேண்டும். நிலத்துக்குப் பஞ்சமான பெங்களூரில் டர்ஃப் மைதானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடுகிறார்கள். நிலம் வெறுமனே கிடக்கும் தங்கவயலில் ஆட ஆளுக்கு நேரம் இல்லை.

ஸ்காட்லாந்திலும் இதே கதை முன்பே நடந்திருக்கிறது. ஏர்ஷயரில் க்ளென்பக் என்ற சின்னச் சுரங்கக் கிராமம் சுமார் 50 தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தந்தது. லிவர்பூலை உயர்த்திய பில் ஷாங்க்லி அந்த ஊர்க்காரர். சுரங்கம் ஓய்ந்தபோது, 1930-களின் தொடக்கத்தில், ஊரின் செர்ரிபிக்கர்ஸ் அணி கலைந்தது. பின்னர் ஊரே இல்லாமல் போனது. திறமை ரத்தத்தில் ஓடுகிறது என்று பெருமை பேசியவர்களுக்கு அது சரியான பதில். ரத்தம் அப்படியே இருந்தது, சேர்ந்து வாழ்ந்த இடம்தான் போனது.

தங்கவயல் க்ளென்பக் ஆகிவிடவில்லை. ஊர் நிற்கிறது. 1964-ல் தொடங்கிய பிஇஎம்எல் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்குகிறது. தமிழ் பேசும் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளைத் திரையில் பார்த்துப் பிற ஊர்க்காரர்களும் ஊரின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். ‘கேஜிஎஃப்’ படம் வந்தது, 2024-ல் ‘தங்கலான்’ வந்தது. அதே 2024-ல், 13 மேடுகளில் கிடக்கும் சுமார் 3.3 கோடி டன் கழிவு மண்ணிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. பாரத் கோல்ட் மைன்ஸ் நிலத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுத்துத் தொழிற்பூங்கா அமைக்கும் பேச்சும் சில ஆண்டுகளாக நடக்கிறது.

விளையாட்டு ஆர்வலர்கள் இந்த நேரத்தில் ஸ்டேடியம் கேட்பார்கள், கோச் கேட்பார்கள், அகாதமி கேட்பார்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தங்கவயலின் நூற்றாண்டு சொல்வது வேறு. ஸ்டேடியம் இல்லாமலே அந்த ஊர் ஆடியது, ஏனென்றால் வேலை ஊருக்குள் இருந்தது. வருகிற தொழிற்பூங்காவில் எத்தனை கோடி முதலீடு என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: எத்தனை தங்கவயல்காரர்கள் மாலை 5 மணிக்கு வேலை முடித்து நடந்தே வீட்டுக்குப் போவார்கள்? அந்த எண்ணிக்கை உயர்ந்தால் ஜிம்கானா மைதானத்தில் தினமும் ஆட்டம் நடக்கும். தினமும் ஆட்டம் நடந்தால் ஐந்தாறு ஆண்டுகளில் நல்ல பேக் ஒருவன் வருவான். உயராவிட்டால் எத்தனை கோடியில் ஸ்டேடியம் கட்டினாலும், அது திறப்பு விழாவுக்கும் அரசியல் கூட்டத்துக்கும்தான் பயன்படும்.